விடாமுயற்சி என்னும் பாதிக்கதை

சென்ற மாதம் எங்கள் கல்லூரி விழாவுக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்திருந்தார். உ.வே.சாமிநாதையரின் இளமை வறுமையை உருக்கமாக எடுத்துரைத்து, கனவு காண்பவன் விடாமல் முயன்றால் வெற்றி தானே வந்து சேரும் என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. கடைசி வரிசையில் என் முதுகலை மாணவர் ஒருவர் மட்டும் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். தமிழாசிரியர் ஆகவேண்டும் என்பது அவருடைய சிறுவயது ஆசை. தந்தை நோயில் விழுந்ததால் படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போவதாக அந்த வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அவரிடம் இல்லாமற்போனது விடாமுயற்சிதானா?

அன்றிரவு ‘என் சரித்திரம்’ நூலை மீண்டும் எடுத்தேன். பேச்சாளர் சொன்னவற்றில் பொய் ஏதுமில்லை. 1855இல் பிறந்த அந்தப் பையனின் தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். நிலையான வருவாய் இல்லாதவர். மகன் இசையில் தேறவேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஆங்கிலம் படித்தால் இவ்வுலகத்துக்கு ஆகும், வடமொழி படித்தால் மறுமைக்கு ஆகும், தமிழால் என்ன பயன் என்று கேட்டவர்களும் உண்டு. பையனோ தமிழையே பிடித்துக்கொண்டு நின்றான். இவ்வளவும் உண்மை. ஆனால் இது பாதிக்கதை.

மீதிப் பாதியைத் தந்தையிடமிருந்து தொடங்கவேண்டும். தம் விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் கிடைக்கும் ஊர்களாகப் பார்த்துக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனார் அவர். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று நீள்கிறது அந்தப் பயணம். போன ஊர்களில் எல்லாம் யாரோ ஒருவர் வீடு கொடுத்தார். யாரோ ஒருவர் நெல் கொடுத்தார். யாரோ ஒருவர் பாடம் சொன்னார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் காரிகை கற்பித்தார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த பிறகு அவருடைய அன்பும் திருவாவடுதுறை மடத்தின் ஆதரவும் கிடைத்தன. 1876இல் ஆசிரியர் மறைந்தபோதும் மடம் அவரைக் கைவிடவில்லை. சுப்பிரமணிய தேசிகர் தாமே பாடம் சொல்லி, தங்குவதற்கும் வழிசெய்தார்.

என்னை எப்போதும் நெகிழவைப்பவர் தியாகராச செட்டியார். கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த அவர், ஓய்வு பெறும் வேளையில், தம் இடத்துக்குத் தகுந்தவர் சாமிநாதையரே என்று தேடிவந்து, கல்லூரியில் எடுத்துரைத்து, 1880இல் அங்கே அமர்த்தினார். இருவரும் பிள்ளையின் மாணவர்களே என்றாலும் செட்டியார் மூத்தவர். இருக்கையை விட்டு எழும்போது இளையவரைக் கைபிடித்து அதில் உட்காரவைத்துவிட்டுப் போனார் அவர். நம் கல்விக்கூடங்களில் இன்று இதை எத்தனை பேர் செய்கிறோம்?

வேலை கிடைத்ததோடு கதை முடிந்துவிடவில்லை. அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப்பைச் சந்திக்கிறார் ஐயர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று தாம் படித்தவற்றை அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்று கேட்கிறார். சிறுவயதுக் கனவு நிறைவேறிய அந்த ஆண்டிலேயே, தாம் கற்றது போதாது என்று ஒப்புக்கொள்ளும் நிலை. அதில் மனம் சுருங்காமல் ஏடுகளைத் தேடினார்; கும்பகோணத்துச் சமண நண்பர்களிடம் சென்று அவர்கள் சமயச் செய்திகளைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. விடாமுயற்சி என்ற சொல்லுக்கு இந்தப் பகுதியைத்தான் நான் உதாரணமாகக் காட்டுவேன். வறுமையைத் தாங்கியதைவிட, அறியாமையை மறைக்காமல் தாங்கியது பெரிது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அவருக்கு வறுமை இருந்தது. ஆனால் அக்ரகாரத்து வீடுகளும் மடத்தின் வாயிலும் அவருக்குத் திறந்திருந்தன. அதே ஊர்களின் சேரியில், அதே ஆசையோடு ஒரு பிள்ளை பிறந்திருந்தால், திண்ணைப் பள்ளிக்கூடத்தின் படியைக்கூட மிதித்திருக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கு ‘என் சரித்திரம்’ எழுதக் கிடைக்கவே இல்லை. இதைச் சொல்வதால் ஐயரின் பெருமை குறையாது. ஆனால் எளிமையான தொடக்கங்கள் எல்லாம் ஒன்றல்ல என்பது விளங்கும்.

விடாமுயற்சியைப் போற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. அதை மட்டும் போற்றும்போது, தோற்றவன் முயலாதவன் என்ற தீர்ப்பும் உடன் எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தீர்ப்பைத்தான் அன்று என் மாணவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீடு கொடுத்தவர்களையும் நெல் கொடுத்தவர்களையும் இடம் கொடுத்தவர்களையும் மேடையில் ஏற்றாத வரை, அந்தக் கதை கேட்பவரைத் தூக்கிவிடாது, குற்றவாளியாக்கும்.

மறுநாள் அவரை அழைத்துப் பேசினேன். மீதமிருக்கும் பருவத் தேர்வுகளை எழுத என்ன செய்யலாம் என்று துறை நண்பர்கள் கூடி யோசித்து வருகிறோம். முடியுமா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் உறைத்தது: இருபது ஆண்டுகளாக வகுப்பில் உ.வே.சா.வின் கதையைச் சொல்லி வந்திருக்கிறேன். செட்டியாரின் கதையை ஒருநாளும் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.