பாதை வந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் எங்கே?

முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களுக்குள் ஒரு கேலி உண்டு. நம் ஆய்வேட்டை நாமும் நெறியாளரும் தவிர வேறு யாரும் படிக்கப்போவதில்லை. நெறியாளர் படிப்பதும் சந்தேகம்தான். இதற்கு விதிவிலக்கான ஓர் ஆய்வேட்டை எனக்குத் தெரியும். 1999இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தில் ரையன் கிராவெல் என்ற மாணவர் எழுதிய முதுகலை ஆய்வேடு அது. அட்லாண்டா நகரின் மையப்பகுதியைச் சுற்றிக் கிடக்கும் பழைய ரயில் தடங்களை ஒன்றோடொன்று இணைத்து 22 மைல் வளையமாக்கலாம், அதில் டிராம் விடலாம், பிரிந்து கிடக்கும் குடியிருப்புகளை அது சேர்த்துவைக்கும் என்று அவர் எழுதினார். அதுதான் இன்றைய பெல்ட்லைன். டிராம் இன்னும் வரவில்லை. நடைபாதையும் சைக்கிள் பாதையும் மரங்களும் பூங்காக்களும் வந்துவிட்டன.

சென்ற மாதம் சென்னையின் நீர்வழிக் கரைகளை அழகுபடுத்துவது பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். திரையில் பெல்ட்லைன் படம் வந்தது. மக்கள் பங்கேற்போடு திட்டமிடுவதற்கு உலகத்துக்கே முன்மாதிரி என்று பேச்சாளர் சொன்னார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இதை எழுத வைத்தது.

முதலில் அந்தத் தடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஜார்ஜியாவின் ரயில் பாதைகளில் கறுப்பர்கள் அடிமைகளாக உழைத்தார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு குத்தகைக்கு விடப்பட்ட கைதிகளாக உழைத்தார்கள். அட்லாண்டாவின் தென்பகுதியில் பிட்ஸ்பர்க் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. 1883இல் ரயில் பட்டறையை ஒட்டி உருவான கறுப்புத் தொழிலாளர் பகுதி அது. பட்டறைப் புகையைப் பார்த்துத்தான் பென்சில்வேனியாவின் எஃகு நகரத்துப் பெயரை வைத்தார்கள். புகை இருந்தவரை அந்த மண் யாருக்கும் தேவைப்படவில்லை.

ரயில் தடங்கள் பல இடங்களில் கறுப்பர் பகுதிக்கும் வெள்ளையர் பகுதிக்கும் நடுவே எல்லையாக நின்றன. தெருப் பெயர்களில்கூட அந்த எல்லை இருக்கிறது. பான்ஸ் டி லியான் சாலைக்குத் தெற்கே மோர்லேண்ட் என்று வரும் தெரு, சாலையைத் தாண்டியதும் பிரையர்கிளிஃப் ஆகிவிடும். தெற்கே பூலவார்டு, வடக்கே மன்றோ டிரைவ். தெரு ஒன்றுதான். தம் முகவரியும் கறுப்பர் முகவரியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதற்காக வெள்ளையர்கள் செய்த ஏற்பாடு. நம் ஊரில் ஒரே கிராமத்துக்கு ஊர் என்றும் காலனி என்றும் இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1962 டிசம்பரில் இதே நகரத்தின் தென்மேற்கே, பேட்டன் சாலையில், கறுப்பர்கள் அந்தப் பக்கம் வீடு வாங்கிவிடக் கூடாதென்று மேயர் ஐவன் ஆலன் தடுப்பு கட்டினார். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1963 மார்ச்சில் அதை அகற்றினார்கள். உத்தப்புரம் சுவரில் வழி திறக்க 2008 வரை ஆனது.

இப்படிப்பட்ட தடத்தைப் பூங்காவாக்கி எல்லாரையும் நடக்கவிடுவது நல்ல எண்ணம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மக்களைக் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அட்லாண்டாவில் 1974 முதலே வட்டாரத் திட்டமிடல் குழுக்கள் இருக்கின்றன. முதல் கறுப்பின மேயரான மேனார்டு ஜாக்சன் காலத்து ஏற்பாடு அது. பெல்ட்லைனுக்கென்று தனியாக ஆய்வுக் குழுக்கள், ஆலோசனைக் குழுக்கள், மலிவு வீட்டுவசதிக்குத் தனி ஆலோசனை வாரியம் எல்லாம் அமைத்தார்கள். கூட்டங்கள் நடந்தன. நுழைவாயில் எங்கே, விளக்கு எப்படி, குளம் எவ்வளவு பெரியது என்று பேசினார்கள்.

அந்தக் கூட்டங்களின் கைக்கு எட்டாமல் இருந்தது பணத்தின் கணக்கு. 2005இல், ஷெர்லி ஃபிராங்க்ளின் மேயராக இருந்தபோது, தடத்தை ஒட்டிய நிலங்களைத் தனி வரி மண்டலமாக அறிவித்தார்கள். நிலத்தின் மதிப்பு ஏற ஏற, கூடுதலாக வரும் சொத்து வரி திட்டத்துக்குப் போகும். அந்த வருவாயை நம்பிக் கடன்பத்திரம் வெளியிட்டுப் பாதை போடுவார்கள். கடன்பத்திரப் பணத்தில் 15 விழுக்காடு மலிவு விலை வீடுகளுக்கு. 2030க்குள் 5,600 வீடுகள் என்பது இலக்கு.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நிலத்தின் விலை ஏறினால்தான் பாதைக்குக் காசு வரும். விலை ஏறினால் வாடகை ஏறும், வரி ஏறும், அங்கே இருக்கும் ஏழை வெளியேறுவார். அவரை வெளியேறாமல் காக்கும் நிதியும் அதே விலையேற்றத்திலிருந்துதான் வரவேண்டும். 2008இல் வீட்டுக்கடன் சந்தை சரிந்தபோது பிட்ஸ்பர்க் போன்ற பகுதிகளில் வீடுகள் வரிசையாக ஏலத்துக்கு வந்தன. பொதுப்பணத்தில் நிலம் வாங்கிப்போட அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் விலை விழுந்ததால் எதிர்பார்த்த வரி வரவில்லை, கையில் காசில்லை. காசு வரத் தொடங்கியபோது நிலம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இதை யாருடைய கெட்ட எண்ணம் என்றும் சொல்ல மாட்டேன். திட்டத்தின் எலும்பே அப்படி.

கிழக்குப் பகுதிப் பாதை 2012இல் திறந்தது. பக்கத்திலிருந்த பழைய சியர்ஸ் கட்டடம் ஆடம்பரக் கடைகளும் குடியிருப்புகளும் கொண்ட வளாகமானது. 2011க்கும் 2015க்கும் இடையில், பாதைக்கு அரை மைலுக்குள் இருந்த வீடுகளின் விலை நகரின் மற்ற இடங்களைவிட 18 முதல் 27 விழுக்காடு வரை கூடுதலாக ஏறியது என்று ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டான் இம்மர்க்லக் கணக்கிட்டார். 2016இல் ரையன் கிராவெலே பெல்ட்லைன் தொண்டு அமைப்பின் குழுவிலிருந்து விலகினார். சமத்துவ உரிமைக்காக இயங்கும் நத்தானியேல் ஸ்மித்தும் அவரோடு விலகினார். சமத்துவத்துக்கும் மலிவு வீடுகளுக்கும் போதிய இடம் தரப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். தன் ஆய்வேடு கண்ணெதிரே கட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் எழுந்து போகிறார் என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு சில திருத்தங்கள் வந்தன. 2018 முதல், தடத்தை ஒட்டி 10 அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் கட்டுகிறவர்கள் ஒரு பங்கை மலிவு வாடகைக்கு ஒதுக்க வேண்டும். எது மலிவு? வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் 60 அல்லது 80 விழுக்காடு பெறுகிறவருக்குக் கட்டுப்படியாவது. அந்த வட்டாரக் கணக்கில் பணக்காரப் புறநகர்களும் சேரும். பிட்ஸ்பர்க்கில் இருக்கும் குடும்பத்தின் வருமானம் அந்த அளவுகோலுக்கு வெகு கீழே. நீண்ட நாள் வீட்டுக்காரர்களுக்கு, ஏறிய சொத்து வரியைக் கட்டித்தரும் திட்டம் ஒன்றும் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் அது சொந்த வீடு உள்ளவர்களுக்கு. வாடகைக்கு இருப்பவருக்கு ஒன்றுமில்லை.

நம் இயக்கத் தோழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 1974 முதல் இன்றுவரை அட்லாண்டாவின் மேயர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அப்படியிருந்தும் நகர மக்கள்தொகையில் கறுப்பர்களின் பங்கு 2000இல் சுமார் 61 விழுக்காடாக இருந்து 2020இல் சுமார் 47 ஆகிவிட்டது. இதற்குப் பெல்ட்லைன் மட்டும் காரணம் அல்ல. பிரதிநிதித்துவம் வேண்டாம் என்று இதை யாராவது படித்தால் அது அவர்கள் கோளாறு. நாற்காலி நம்மிடம் இருந்தும் நிலம் சந்தையிடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. வைக்கத்தில் 1924இல் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடினோம். பெல்ட்லைனில் நடக்க யாருக்கும் தடையில்லை. பேருந்து பிடித்து வந்து நடந்துவிட்டுத் திரும்பிப் போகலாம்.

இங்கே நமக்குச் சந்தை வரும்வரைகூடப் பொறுமை கிடையாது. கூவம் கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் முதலிலேயே அனுப்பப்பட்டன. கரை அழகாவது அதற்குப் பிறகு. அட்லாண்டாவில் கூட்டம் போட்டார்கள், மக்கள் பின்னால் போனார்கள். இங்கே மக்கள் போன பிறகு கூட்டம் போடுகிறோம்.

கருத்தரங்கில் கேள்வி நேரம் வந்தபோது எழுந்து நின்றேன். இந்தக் கரையில் பாதை வருவதற்கு முன், கரையோரக் குடும்பங்களின் பெயரில் பட்டா வருமா, அல்லது ஒரு கிலோமீட்டருக்குள் வீடாவது கட்டித்தரப்படுமா, அந்தப் பணம் எந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அது வேறு துறை சம்பந்தப்பட்டது என்று பதில் வந்தது. அடுத்து எழுந்தவர், பாதையின் இருபுறமும் என்ன மரம் நடலாம் என்று கேட்டார். அதற்குப் பத்து நிமிடம் பதில் சொன்னார்கள்.