கள்ள ஓட்டும் எங்க ஓட்டும்

கள்ள ஓட்டு ஒழிய வேண்டாமா என்று கேட்கிறார்கள். ஒழியத்தான் வேண்டும். அதில் முதலில் அடிபட்டவர்களே நாங்கள்தான். எங்க ஆயா கால்கடுக்க வரிசையில் நின்று உள்ளே போனால், ‘ஒன் ஓட்டு விழுந்திருச்சு, போ’ என்று திருப்பி அனுப்புவார்கள். சேரி ஓட்டையெல்லாம் காலையிலேயே ஊர்க்காரர்கள் குத்தி முடித்திருப்பார்கள். 1993இல் சேஷன் படம் போட்ட அட்டை வேண்டுமென்று ஆணையிட்டார். அட்டை கைக்கு வந்த பிறகு ஆயா தன் ஓட்டைத் தானே போட்டாள். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் ஓட்டைப் பறித்தது ஆள்மாறாட்டம் மட்டும்தானா? 1996 டிசம்பரில் மேலவளவில் ஓட்டுப்பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுபடி நடந்த தேர்தலில் வென்ற தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை தலித் தலைவரை நாற்காலியில் உட்கார விடவில்லை. இங்கெல்லாம் எந்த அட்டை இல்லாமல் போனது? வெட்டியவனுக்கு, தான் வெட்டுவது யாரையென்று நன்றாகத் தெரியும்.

இப்போது பட்டியலையே சுத்தம் செய்கிறோம் என்கிறார்கள். 2025இல் பீகாரில் வரைவுப் பட்டியல் வந்தபோது 65 லட்சம் பேர் அதில் இல்லை. ஆணையம் முதலில் கேட்ட 11 ஆவணங்களில், அதே ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டைக்கே இடமில்லை. ஆதாருக்கும் இல்லை, உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது சேர்ந்தது. நவம்பரில் நம்ம ஊருக்கும் படிவம் வந்தது. 2002, 2005 பட்டியலில் உன் பேர் எங்கே, தாய் தகப்பன் பேர் எங்கே என்று கேட்டது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் போனவர் வீட்டில் பூட்டுதானே தொங்கும்? பூட்டைப் பார்த்து ‘குடிபெயர்ந்தவர்’ என்று எழுதிவிட்டால், அட்டை கையிலிருந்தும் ஓட்டில்லை.

தெருவில் நடந்தால் எந்த அட்டையும் பார்க்காமலே நாங்கள் யாரென்று தெரிகிறது. டீக்கடையில் தெரிகிறது, சுடுகாட்டில் தெரிகிறது. ஓட்டுச்சாவடியில் மட்டும் தெரியாமல் போய்விடுகிறதா?

நான் இருக்கிறேன் என்று நான் ஏன் நிரூபிக்க வேண்டும்? இல்லை என்கிறவன் நிரூபிக்கட்டும். நீக்கிய பேரையெல்லாம் சேரி நடுவில் நின்று உரக்கப் படிக்கட்டும். சூளைக்கும் கரும்புக்காட்டுக்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு நடக்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிற கால்களுக்குத் தெரிந்த வழிதானே அது!