தொட்டிக்குள் ஒரு கடல்

தோழியரே, கண்ணாடித் தொட்டியில் கடல்மீனும் பவள உயிர்களும் வளர்ப்போர் பலர், பாசி படர்ந்தவுடன் ‘பயோபெல்லட் ரியாக்டர்’ என்னும் குழாய்க் கருவியை வாங்கிவிடுகின்றனர். அள்ளிப் போடும் தீனியைக் குறைக்காமல் கருவியைத் தேடுவது முறையன்று என்பதே என் கருத்து.

அக்குழாயினுள் உருளும் மணிகள் மக்கும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றின் கரிமத்தை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள், தீனிக் கழிவால் சேர்ந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நீரிலிருந்து உறிஞ்சுகின்றன. பின்பு ஸ்கிம்மர் அப்பாக்டீரியாக்களை நுரையோடு வெளியேற்ற வேண்டும். இல்லையேல் கூட்டிய குப்பையை மூலையில் குவித்த கதைதான்!

பாக்டீரியாவுக்கு இரு சத்தும் வேண்டும். நைட்ரேட் தீர்ந்துவிட்டால் பாஸ்பேட் அப்படியே தங்கிவிடும். மணிகளை ஒரேயடியாகக் கொட்டினாலோ நீர் பால்போல் கலங்கும். சத்து திடீரென வற்றிப் பவளம் வெளிறும், மடியவும் கூடும். (அது செடியன்று, பிராணி!) ஆகவே சிறிதளவே இட்டு, வாரந்தோறும் நீரைச் சோதித்த பிறகே கூட்டவேண்டும்.