ஏங்குவதற்கும் ஒரு நாற்காலி வேண்டும்

சென்னையில் பழைய ஓட்டல் ஒன்று மூடப்படும்போதெல்லாம் ஒரு கட்டுரை எழுதப்படுகிறது. எழுதுபவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண். எழுத்தாளராகவோ பத்திரிகையாளராகவோ ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியாகவோ இருப்பார். கட்டுரையில் டவரா டம்ளர் வரும். கேட்காமலே வாளியிலிருந்து சாம்பாரை ஊற்றிவிட்டுப் போகும் சர்வர் வருவார். கையில் காசில்லாத நாளில் கணக்கில் எழுதச் சொல்லிச் சாப்பிட்ட கதை வரும். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உலக இலக்கியம் பேசிய மாலை கட்டாயம் வரும். கடைசிப் பத்தியில் அந்த இடத்தில் ஒரு துணிக்கடை நிற்கும். ‘அந்தச் சென்னை இனி இல்லை’ என்று கட்டுரை முடியும்.

இந்தக் கட்டுரைகளை நானும் விரும்பிப் படிக்கிறேன். சிலவற்றை வகுப்பில் வாசித்தும் காட்டியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த மூன்று மணி நேரத்தில் என் மனம் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் யார் இருந்தார்கள்? குழந்தையைத் தூங்க வைத்தது யார்? திரும்பி வந்தவருக்கு மூடி வைத்திருந்த சோற்றைப் போட்டது யார்? ஓட்டலில் பரிமாறிய சர்வரின் பெயர்கூட நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நினைவிருக்கிறது. வீட்டில் பரிமாறியவள் கட்டுரையில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

முதுகலை வகுப்பில் ஒருமுறை மாணவிகளிடம் கேட்டேன்: உங்கள் அம்மா தனியாக ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டதாக எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? சிரித்தார்கள். பிறகு ஒருத்தி யோசித்துச் சொன்னாள்: “அப்பாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்ப கேன்டீன்ல சாப்பிட்டிருக்காங்க மேம்.” வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பெண் தனியாக வெளியில் உட்கார்ந்து சாப்பிட, கணவன் நோயில் படுக்க வேண்டியிருந்திருக்கிறது. அந்தக் கேன்டீனை நினைத்து அந்த அம்மா ஏங்கப் போவதில்லை.

ஏக்கம் எல்லோருக்கும் பொதுவான உணர்வு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிடைத்ததை இழந்தவர்களுக்குத்தான் ஏக்கம் வரும். உட்கார நாற்காலியே தரப்படாதவர்கள் எதை நினைத்து ஏங்குவது? ‘நம் சென்னை’, ‘நம் ஓட்டல்’ என்று எழுதும்போது அந்த ‘நம்’மில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்காமல், அந்த ஏக்கத்தை நகரத்தின் வரலாறாக ஏற்றுக்கொள்ள முடியாது.

கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னை எடுத்துக்கொள்வோம். 1962இல் தொடங்கி 2008இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. சென்னையின் ஓட்டல்களில் அதிகமாக அழுது எழுதப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். பெண்கள் அங்கே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு காரில் வந்தார்கள், தோழிகளோடு சேர்ந்து வந்தார்கள். ஆனால் நினைவுக் கட்டுரைகள் கொண்டாடுவது சாப்பாட்டை மட்டுமில்லை. மரத்தடி மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் உரிமையைக் கொண்டாடுகின்றன. யாருக்காகவும் காத்திராமல், எதற்காகவும் வந்திராமல் சும்மா உட்கார்ந்திருப்பது. அப்படி உட்கார்ந்த ஆணுக்கு ‘வாடிக்கையாளர்’ என்று பெயர். அதே மேசையில் அதே நேரம் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இந்த ஊர் என்ன பெயர் வைத்திருக்கும் என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

பெண்ணுக்கென்று பழைய ஓட்டல்கள் கொடுத்தது ஃபேமிலி ரூம். பின்புறத்தில், படி ஏறிப் போக வேண்டிய இடத்தில், பலகைத் தடுப்போ அழுக்கேறிய திரையோ போட்ட சிறு அறைகள். அந்தப் பெயரைக் கவனியுங்கள். ‘பெண்கள் அறை’ என்றில்லை, ‘குடும்ப அறை’. நீ யாரோ ஒருவருடைய குடும்பமாக வந்தால் உனக்கு இடம் உண்டு. தனியாகப் போனால் சர்வர் நம்மைத் தாண்டி வாசலைப் பார்ப்பார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. “எத்தனை பேரு?” என்ற கேள்விக்கு “ஒருத்திதான்” என்று பதில் சொல்லிய பெண்களுக்கு அந்தப் பார்வை நினைவிருக்கும்.

அந்தத் திரை எங்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது, நிம்மதியாகச் சாப்பிட்டோம் என்று மூத்த பெண்கள் சிலர் சொல்வார்கள். மறுக்க மாட்டேன். முறைத்துப் பார்க்கும் கண்களுக்கு நடுவே சாப்பிடுவதைவிடத் திரைக்குப் பின்னால் சாப்பிடுவது மேல்தான். ஆனால் முறைத்தவனைக் கேள்வி கேட்காமல் முறைக்கப்பட்டவளைத் திரைக்குள் வைப்பது எந்த வகைப் பாதுகாப்பு? கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரு தெரிந்தது, அரசியல் காதில் விழுந்தது, எதிர்மேசைக்காரர் நண்பரானார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவளுக்குச் சுவர் தெரிந்தது.

கூடம் என்பதே எல்லா ஆண்களுக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்தது 1941இல்தான், பெரியாரின் போராட்டத்துக்குப் பிறகு, ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி அவர் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. நாள்தோறும் ஆட்கள் கைதானார்கள். ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலைப் படித்தவர்களுக்கு, காப்பி ஓட்டலின் வரலாறும் சாதியின் வரலாறும் பிரிக்க முடியாதவை என்று தெரியும். மேசை சண்டை போட்டு வாங்கப்பட்டது. அந்தச் சண்டையை மறந்துவிட்டு டிகிரி காப்பியின் மணத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பது வசதியான மறதி. ஏக்கத்தின் வரைபடம் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மவுண்ட் ரோடு என்று சுற்றிவருவதும், ராயபுரத்துக்கும் வியாசர்பாடிக்கும் அரிதாகவே போவதும் தற்செயல் என்று நான் நம்பவில்லை. அங்கே தெருவோரத்தில் அடுப்பு வைத்து மீன் பொரித்த, மாட்டுக்கறி வறுத்த, ஆப்பம் சுட்ட பெண்களின் கடைகள் மூடப்பட்டபோது யாரும் இரங்கல் எழுதவில்லை. அந்தக் கடைகளுக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. ‘ஆயா கடை’, ‘அக்கா கடை’ அவ்வளவுதான்.

மேசை கிடைக்காததில் என்ன பெரிய நஷ்டம், ஒரு காப்பிதானே என்று கேட்கலாம். அந்தக் கட்டுரைகளே பதில் சொல்கின்றன. அந்த மேசைகளில்தான் சிற்றிதழ்கள் திட்டமிடப்பட்டன. உதவி இயக்குநர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. யாருடைய தொகுப்பை யார் போடுவது, யாருக்கு யார் முன்னுரை எழுதுவது என்று பேசி முடிக்கப்பட்டது. நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது தங்கியிருந்த விடுதியில் இரவு எட்டு மணிக்குக் கதவு அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மெஸ்ஸில் சோறும் கிடையாது. என்னோடு ஆய்வு செய்த ஆண்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருந்தார்கள். காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவு வரை தேநீர்க் கடையில் நின்று பேசுவார்கள். எந்தக் கல்லூரியில் பணியிடம் காலி, எந்தக் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பலாம் என்பதெல்லாம் அங்கேதான் அவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு மறுவாரம் தெரிந்தது, சில சமயம் கடைசித் தேதி முடிந்த பிறகு. ‘தமிழில் பெண்கள் ஏன் குறைவாக எழுதினார்கள்’ என்று கருத்தரங்கம் நடத்துகிறவர்கள், எட்டு மணிக் கதவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆணுக்கு ஓட்டல் பண்பாடு. பெண்ணுக்கு ஓட்டல் வசவு. “வீட்ல அடுப்பு பத்த வைக்காம ஓட்டல்ல வாங்கித் திங்கிறா” என்பது இன்றைக்கும் ஒரு மருமகள்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. அதே வீட்டின் ஆண், இந்த ஓட்டல் சாம்பாரின் ருசி வீட்டில் வராது என்று அவளிடமே சொல்லலாம், அதுபோல வைக்கச் சொல்லலாம். ஓட்டலில் சமைக்கும் ஆண் மாஸ்டர், அவருக்குச் சம்பளம். வீட்டில் சமைக்கும் பெண்ணுக்கு அது கடமை. நம் இலக்கியத்திலேயே இது ஆழமாக இருக்கிறது. கணவன் பிரிந்திருந்த காலத்தைப் பற்றிப் பேசும் கண்ணகி, விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றைத் தான் இழந்திருந்ததைச் சொல்கிறாள். தான் பட்ட பசியைச் சொல்வதில்லை. மாதரி வீட்டில் சமைக்கிறாள், இலை போட்டுப் பரிமாறுகிறாள், கோவலன் உண்கிறான், வெற்றிலையும் கொடுத்து அனுப்புகிறாள். அவள் சாப்பிட்டாளா என்று இளங்கோ சொல்லவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக அந்தக் காதையைப் பாடம் நடத்துகிறோம், நாமும் கேட்டதில்லை.

ஓட்டலின் பின்கட்டிலும் பெண்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். காய் நறுக்குகிறவர்கள், வெங்காயம் உரிக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், எச்சில் மேசை துடைக்கிறவர்கள். பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போகிறவர்கள். ‘அந்த ஓட்டலின் கைமணம்’ என்று எழுதும்போது இவர்களுடைய கைகள் அதில் சேர்வதில்லை.

ருசி எதையெல்லாம் மன்னிக்கும் என்பதற்கு ஒரு வழக்கு போதும். 1981இல் கே.கே. நகரில் தொடங்கி உலகம் முழுக்கக் கிளை பரப்பிய சரவண பவனின் நிறுவனர் பி. ராஜகோபால், தன் ஓட்டலில் வேலை பார்த்த ஒருவரின் மகளான ஜீவஜோதியை மூன்றாவது மனைவியாக்க விரும்பினார். அவர் மறுத்தார். அவருடைய கணவர் பிரின்ஸ் சாந்தகுமார் 2001இல் கொல்லப்பட்டார். 2004இல் விசாரணை நீதிமன்றம் ராஜகோபாலுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. 2009இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு பெண் பணத்துக்கும் செல்வாக்குக்கும் எதிரே தளராமல் நின்றார். அந்த ஆண்டு ஜூலையில் ராஜகோபால் இறந்தபோது, படித்தவர்கள் வாயிலிருந்து ‘ஆனாலும் அந்தச் சாம்பார்…’ என்று கேட்டேன். அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லில்தான் என் கோபம் முழுவதும் இருக்கிறது. அதே நகரத்தில் ஜீவஜோதியின் துணிச்சலைப் பற்றி எத்தனை பேர் கட்டுரை எழுதினார்கள்?

இப்போது காலம் மாறிவிட்டதே, காப்பி ஷாப்களில் பெண்கள் மடிக்கணினியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான், அதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு. பழைய ஓட்டலின் அழிவு என்று ஆண்கள் புலம்பும் அந்தக் கண்ணாடிக் கடைதான், தனியாக வந்த பெண்ணை முதலில் கேள்வி கேட்காமல் உட்கார வைத்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த நாற்காலிக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு காப்பிக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் கொடுக்க முடிந்தவளுக்கே அது. என் மாணவிகளில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கண்ணாடிக் கதவும் ஒரு ‘பிராமணாள்’ பலகைதான்.

2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களைப் பாருங்கள். ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம். சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். இந்த நகரத்தில் முன்கட்டில் பெண்கள் நின்று நடத்திய இத்தனை பெரிய ஓட்டல் வரிசை வேறு கிடையாது. இதைப் பற்றிய எழுத்தெல்லாம் ஆட்சி, கட்சி, மானியம் என்றே இருக்கிறது. அங்கே கரண்டி பிடித்த அக்காவின் பெயரை நினைவுக் கட்டுரையில் யாரும் எழுதுவதில்லை. அங்கேயும் உட்கார இடமில்லை, நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். ஏழைக்கும் பெண்ணுக்கும் இட்லி கொடுக்கலாம், நாற்காலி கொடுத்தால் எழுந்து போக மாட்டார்கள் என்ற பயம் இந்த நகரத்துக்கு எப்போதும் உண்டு.

‘ஏன் லாய்ட்டர்?’ என்று மும்பையை முன்வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பெண்ணுக்குப் பாதுகாப்பு கேட்பதோடு நிற்காதே, காரணமில்லாமல் சுற்றும் உரிமையைக் கேள் என்பது அதன் சாரம். நம் ஊர் ஓட்டலுக்கும் அதுவே பொருந்தும். காரணமில்லாமல் உட்காரும் உரிமை.

பழைய ஓட்டல்களுக்காக ஆண்கள் அழட்டும். அழுகைக்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் அவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் கூட்டத்தில் நாம் சேர வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது இதுவரை இல்லாத ஓட்டல். கட்டுப்படியாகும் விலையில் காப்பி. தாழ்ப்பாள் வேலை செய்யும், தண்ணீர் வரும் கழிப்பறை. அது இல்லாததால் வெளியில் போகும் நாளில் தண்ணீரே குடிக்காமல் பழகியவர்கள் நாம். இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும் கதவு. கல்லாவில் பெண், பரிமாறுவதில் பெண், அவளுக்கு உரிய சம்பளமும் உட்கார ஒரு ஸ்டூலும். தனியாக வருகிறவளிடம் “என்ன சாப்பிடுறீங்க?” என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்காத சர்வர்.

அதுவரை மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்களிடம், அவர்கள் எங்கே, யாரோடு, எப்போது வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஆஸ்பத்திரிக் கேன்டீன், பேருந்து நிலையத்துப் பொட்டலம், ஆயா கடை ஆப்பம், எதுவானாலும் சரி. எழுதி முடித்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு அருகிலிருக்கும் ஓட்டலுக்குப் போங்கள். ஃபேமிலி ரூமைக் காட்டினால் வேண்டாமென்று சொல்லிவிட்டு, தெரு தெரியும் மேசையாகப் பார்த்து உட்காருங்கள்.