வாசிக்க முடியாத பேட்சை யார் பரிசோதிப்பது?

"நல்ல கோடுக்கு விளக்கம் தேவையில்லை" எண்டு ஒரு வீறாப்பு எங்கட இளம் டெவலப்பர்மாரிட்ட இருக்கு. கொமெண்ட் எழுதுறது கத்துக்குட்டி வேலையாம். வரி ஒழுங்கு பார்க்கிறது பெரிசுகளின் தொணதொணப்பாம். இந்த வீறாப்பு லினக்ஸ் கெர்னலில் செல்லாது. செல்லவும் கூடாது.

அங்கு கொம்பைலர் ஏற்றுக்கொண்டால் மட்டும் போதாது. ஒரு மனிதர் வாசித்து, விளங்கி, ஏற்கவேணும். அவர் கண்ணுக்குத் தப்பும் பிழை உங்கட அன்ட்ரொய்ட் போனுக்குள்ளும் வரலாம். அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான்.

300 வரி ஃபங்க்ஷன் ஒன்றை வேறு கோப்புக்கு நகர்த்துகிறீர்கள். அதே பேட்சில் உள்ளே ஒரு நிபந்தனையையும் மாற்றுகிறீர்கள். வாசிப்பவருக்கு என்ன தெரியும்? 300 வரி போனது, 300 வரி வந்தது. மாறின அந்த ஒரு வரி எங்கே? அதனால்தான் நகர்த்தல் ஒரு பேட்ச், திருத்தம் இன்னொரு பேட்ச் எண்டு கெர்னல் வழிகாட்டி கேட்குது. இது வெறும் சடங்கு இல்லை.

கொமெண்டும் அப்படித்தான். "எண்ணிக்கையை ஒன்றால் கூட்டுகிறோம்" எண்டு எழுதினால் அது குப்பை. கோட் எப்படி இயங்குது எண்டு விளக்காதே. என்ன செய்யுது, தேவையெண்டால் ஏன் செய்யுது எண்டு சொல். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே அப்படித்தான் சொல்லுது.

மெமரி பேரியரை எடுங்கோ. நினைவகத்தில் எது முதலில் எழுதப்பட்டதாக மற்ற ப்ரொசெசர்களுக்குத் தெரியவேணும் எண்டு காக்கும் வரி அது. பார்த்தால் வீண் வரி போல இருக்கும். நாளைக்கு ஒருவர் அதைத் தூக்கிவிடுவார். அவருடைய இன்டெல் மடிக்கணினியில் எல்லாம் சரியாகவே ஓடக்கூடும். ஏஆர்எம் சிப்பில் எப்போதாவது ஒருக்கா உடையும். அந்த "ஏன்" கோடில் தெரியாது. கொமெண்டில்தான் எழுதவேணும். கொமெண்ட் இல்லாத பேரியரைக் கண்டால் செக்பேட்ச் கருவியே எச்சரிக்கும்.

"விதிகள் பழசு" எண்டு சொல்லுறவைக்கு: விதி மாறும். 80 எழுத்தைத் தாண்டினாலே எச்சரித்த அதே செக்பேட்ச், 2020இல் 100 வரை விட்டுக்கொடுத்தது. வாசிப்பவருக்காக எழுது என்ற அடிப்படை மட்டும் மாறேல்லை.

நியாயம் இரண்டு பக்கமும் இருக்கவேணும். "ஸ்டைல் சரியில்லை" எண்டு ஒற்றை வரியில் திருப்பி அனுப்பும் பராமரிப்பாளரும் "ஏன்" எண்டதை விழுங்குறவர்தான். புதியவரிடம் கேட்கும் தெளிவை அவரும் தரட்டும்.

எங்கட பக்கத்தை நாங்கள் செய்வம். பேட்ச் அனுப்ப முதல், வேறு யாரோ எழுதினது போல ஒருக்கா வாசியுங்கோ. உங்களுக்கே விளங்கேல்லை எண்டால், வேலை இன்னும் முடியேல்லை.