நாற்றுக்கு எதற்குத் தாலாட்டு?

மாடித்தோட்டப் பயிற்சி எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லிவிடுகிறார்: "நாற்றுங்கிறது பச்சைக் குழந்தைங்க. வெயில் படாம, காத்துப் படாம பொத்திப் பொத்தி வளர்க்கணும்." கூட்டமும் உருகித் தலையாட்டுகிறது. எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வெயில் படக்கூடாதாம். குழந்தைக்கு ஊட்டிவிட ஆள் உண்டு. நாற்று தன் சாப்பாட்டை வெளிச்சத்தில் தானேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும். தக்காளி, கத்தரி விதைகள் முளைக்கும்வரை மூடி வைக்கலாம், தப்பில்லை. முளை தலைகாட்டிய பிறகும் வராந்தா மூலையில் வைத்தால், வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீளும், பருக்காது. அதைப் படமெடுத்து, "என்ன வேகமா வளருது பாருங்க" என்று பெருமை வேறு. பட்டினியில் நீள்வதற்குப் பெயர் வளர்ச்சியா?

உடனே நிழல்வலையைக் காட்டி மடக்கப் பார்ப்பார்கள். குழித்தட்டு நாற்றுக்கு 50 சதவீத நிழல்வலை என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைதான். மீதிப் பாதி வெளிச்சம் உள்ளே வருகிறதே, அது எதற்காம்?

காற்றுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ஆத்திரமே. 1973-இல் மார்க் ஜாஃப் என்ற அமெரிக்கத் தாவரவியலர், தண்டைத் தினமும் லேசாகத் தேய்த்துவிட்டால் செடிகள் எப்படி மாறுகின்றன என்று எழுதினார். உயரம் குறைந்தது, தண்டு தடித்தது. அசைவு பட்டால் செடி நீள்வதை நிறுத்திக்கொண்டு நிற்பதற்குத் தயாராகிறது. காற்று இலவசமாகச் செய்யும் வேலை இது. காற்றே புகாத வீட்டில் இருப்பவர்கள், இலை காய்ந்திருக்கும்போது நாற்றின் தலையை உள்ளங்கையால் இப்படியும் அப்படியும் வருடிவிடலாம். தினமும் சில தடவை போதும். ஜப்பானிய விவசாயிகள் இன்னும் ஒரு படி மேலே. கோதுமை, பார்லி இளம்பயிரைக் குளிர்காலத்தில் காலாலேயே மிதித்துவிடுவது அவர்களின் பாரம்பரிய வழக்கம். 'முகிஃபுமி' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. மிதிபட்ட பயிர் வீணாக நெட்டையாகாமல் தூர்கட்டி நிற்கிறது. பச்சைக் குழந்தைக்காரர்கள் இதைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள். (தக்காளியை மிதித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.)

அடுத்த அறிவுரை, மூன்று வேளையும் தண்ணீராம்! நாற்றழுகலுக்கு வேறு அழைப்பிதழ் வேண்டாம்.

நாற்று சோனியாக இருக்கிறதே என்று யூரியாவைக் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் தனி ரகம். இன்னும் கொஞ்சம் நீளும், பிறகு சாயும்.

நாற்றுப்பண்ணைக்காரர்களைப் பாருங்கள். நாற்றை அனுப்புவதற்குச் சில நாள் முன்பே நிழலை விலக்குகிறார்கள், தண்ணீரைக் குறைக்கிறார்கள். விற்ற நாற்று வயலில் நின்றால்தான் அடுத்த பட்டத்துக்கும் அதே ஆள் வருவார். மைக் பிடிப்பவருக்கு அந்தக் கவலை கிடையாது. செத்த நாற்றைத் தூக்கிக்கொண்டு யாரும் பயிற்சிக்குத் திரும்பி வருவதில்லை.