நிற்குமிடம் அறிந்து புறப்படுக



கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குச் சாலை வழியே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பேருந்தில் ஏறி அமர்ந்தவர் ஒரு நல்ல உறக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் ஆகஸ்ட் மாதப் பிற்பகுதியில் காவியுடை தரித்து, மாதாவின் சுரூபம் தாங்கிய சிறு தேரை இழுத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குக் கால்நடையாய்ச் செல்லும் பக்தர்களுக்கு அது காலும் உடலும் நோகும் உழைப்பு. அவர்களோடு பேசிப் பாருங்கள். எத்தனை வேகத்தில் நடக்கிறோம் என்று அவர்கள் சொல்வதில்லை. உச்சி வெயிலுக்கு எந்த மர நிழல், இரவுக்கு எந்தப் பள்ளித் தாழ்வாரம், குடிதண்ணீர் எங்கே என்றுதான் சொல்வார்கள். நிற்குமிடங்களை முதலில் வைத்து, நடையைப் பின்னர் வகுக்கிறார்கள்.

நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். இதே சாலையில் புதுச்சத்திரம் என்று ஓர் ஊர் உண்டு. வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தை நினைவூட்டும் பெயர் அது. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றிக்கொள்ள, தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களையும் அவர்கள் நாட்டி வைத்தனர். ஓய்வையும் வழியின் ஒரு பகுதியாகவே அவர்கள் கருதினார்கள்.

இக்கால இளைஞர்களை வேறொரு நெடும்பயணம் ஈர்க்கிறது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை மோட்டார் சைக்கிளில் ஒரே மூச்சில் செல்வது, பாகிஸ்தான் எல்லையிலுள்ள அட்டாரியிலிருந்து வங்காளதேச எல்லையிலுள்ள பெட்ராபோல் வரை குறித்த மணிக்குள் கடப்பது என்று பலவகைத் திட்டங்களை வகுக்கிறார்கள். அண்மையில் இளைஞர் மூவர் அத்தகைய திட்டத்தாள் ஒன்றை என்னிடம் காட்டினர். பெட்ரோல் நிரப்பும் ஊர்களும், கடக்கும் நதிகளும், நிழற்படம் எடுக்கும் இடங்களும் அழகாக எழுதப்பட்டிருந்தன. உறங்கும் ஊர் மட்டும் ஒன்றுகூட இல்லை. அந்த விடுபட்ட வரியைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறேன்.

இளைஞரின் ஆர்வத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. தாய்நாட்டின் முழு நீளத்தையும் கண்ணாரக் காண விரும்புவது நல்ல ஆசையே. ஆனால் கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் உரைத்ததை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம் அன்றோ? நாமும் சற்றே உட்கார்ந்து கணக்கிடுவோம்.

அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘அயர்ன் பட்’ என்னும் சங்கம் நெடுந்தூர ஓட்டத்திற்குச் சான்றிதழ் வழங்குகிறது. 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் கடப்பது அதன் முதற்படி. கனடா எல்லைக்கும் மெக்சிகோ எல்லைக்கும் இடையேயுள்ள வழியை 36 மணிக்குள் கடப்பது மேற்படிகளுள் ஒன்று. வழியில் நாளும் நேரமும் ஊரும் குறித்த பெட்ரோல் இரசீதுகள் வேண்டும். நம் நாட்டவரும் இச்சங்கத்தின் சான்றிதழ்களைப் பெற்றிருக்கின்றனர்.

கேட்பவர்க்கு இது வேகப் பந்தயம் போலத் தோன்றும். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. அந்நாட்டின் மேற்குக் கரையில் எல்லையிலிருந்து எல்லை வரை செல்லும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையின் நீளம் 1,381 மைல், அதாவது சுமார் 2,222 கிலோமீட்டர். இதை 36 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 62 கிலோமீட்டர் மட்டுமே. சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே, மணிக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 22 மணி நேரம் போதும். ஏறத்தாழ 14 மணி நேரம் உண்ணவும் உறங்கவும் எஞ்சுகிறது. அதனால்தான் இக்கலையில் தேர்ந்தவர்கள், வேகத்தை மற, நிற்பதைக் கற்றுக்கொள் என்ற பொருளில் புதியவருக்கு அறிவுரை கூறுகின்றனர்.

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். அட்டாரியிலிருந்து பெட்ராபோல் வரை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். மத்திய அரசு 2018இல் வகுத்த விதிப்படி நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். கால்நடைகள், எதிர்த்திசையில் வரும் டிராக்டர்கள், ஊர்தோறும் வேகத்தடைகள் ஆகியவற்றுக்கிடையே சராசரியாக 60 கிட்டினால் அதுவே பெரிது. அப்படியானால் ஓட்டத்திற்கு மட்டும் 33 மணி நேரம் போய்விடும். 36இல் எஞ்சுவது மூன்றே மணி. உணவு, பெட்ரோல், இயற்கைக் கடன்கள் யாவும் அதற்குள் முடியவேண்டும். உறக்கத்திற்கு இடமே இல்லை. அங்கே பொருந்தும் கணக்கு இங்கே பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

உறக்கமின்மையை நாம் எளிதாக எண்ணுகிறோம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கண்ணும் கையும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடையவை போலத் தடுமாறுகின்றன என்பதை ஆய்வுகள் 1990களிலேயே காட்டின. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லிகிராமுக்கு ஒப்பாகிறது. நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டமோ 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம் என்கிறது. மதுவைத் தொடுவதில்லை என்று பீடத்தின் முன் உறுதிமொழி எடுத்த நல்ல பிள்ளை, அதனினும் கேடான மயக்கத்தோடு நெடுஞ்சாலையில் செல்லக்கூடும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண் செருகினால் வண்டி 66 மீட்டர் ஓடிவிடும். நம் பங்குக் கோயில்கள் பலவற்றின் நீளத்தைவிட அது அதிகம். பின்னிரவு இரண்டு மணி முதல் விடியும்வரை இந்த அபாயம் மிகுதி. தேநீர் அதைச் சற்றே தள்ளிப்போடுமேயன்றி நீக்காது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். நம் தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு 17,884 பேர் சாலையில் உயிரிழந்தனர். அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் ஒரு வீட்டில் வாசற்கதவு நெடுநேரம் திறந்தே இருந்திருக்கும்.

களைத்தவரை இறைவன் எவ்வாறு நடத்துகிறார் என்பதை அரசர்கள் முதல் நூல் பத்தொன்பதாம் அதிகாரத்தில் காண்கிறோம். பாலைநிலத்தில் ஒரு செடியடியில் சோர்ந்து விழுந்த எலியாவை வானதூதர் உடனே விரட்டவில்லை. உறங்கவிட்டார், உண்ணச் செய்தார், மீண்டும் உறங்கவிட்டார், மீண்டும் உண்ணச் செய்தார். நாற்பது நாள் நடைக்கு இறைவன் தந்த ஆயத்தம் அப்பமும் தண்ணீரும் உறக்கமுமே.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தங்கள் பாதுகாவலராகப் போற்றும் புனித கொலும்பானுசின் வாழ்வும் இதற்குச் சான்று. அயர்லாந்தில் பிறந்து, கடல் கடந்து இன்றைய பிரான்சு நாட்டிற்கு வந்து, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலி சென்று, 615ஆம் ஆண்டு அங்கே உயிர் நீத்தவர் அவர். எத்தனை நாளில் எல்லைகளைக் கடந்தார் என்று எவரும் இன்று கேட்பதில்லை. அவர் நின்ற இடங்களாகிய லுக்செயிலும் பொப்பியோவும் துறவு மடங்களாகத் தழைத்துப் பல நூற்றாண்டுகள் ஒளி வீசின.

ஆகவே, செல்லத்தான் வேண்டும் என்று உறுதிகொண்ட இளைஞர்க்குச் சில சொல்வேன். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 370 கிலோமீட்டர் வீதம் பத்து நாள் ஒதுக்குங்கள். இடையில் வரும் ஞாயிறை முழு ஓய்வாக்கி, அவ்வூர்த் திருப்பலியில் பங்கேற்றால் பதினொரு நாள். விடிந்தபின் புறப்பட்டு, இருட்டுமுன் தங்குங்கள். இரண்டு மணிக்கொருமுறை கால்மணி நேரம் இறங்கி நில்லுங்கள். ஒரு முறை நிரப்பிய பெட்ரோல் 400 கிலோமீட்டர் வரும் என்றால் 250இலேயே நிரப்புங்கள். வண்டியைப் பத்து நாள் முன்னரே பழுது பார்த்து, டயர், பிரேக், சங்கிலி மூன்றையும் சரிசெய்து, முழுச் சுமையோடு கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இருமுறை போய் வாருங்கள். தளர்ந்த திருகும் கடிக்கும் காலணியும் இங்கேயே தெரிந்துவிடும். மூடுபனி சூழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடநாட்டுச் சமவெளியைத் தவிருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம், உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு ஆகியவற்றைச் சொல்லவும் வேண்டுமோ?

தாளின் இறுதியில் இன்னொரு வரியும் எழுதுங்கள்: உடல் ஒத்துழைக்காவிடில் எந்த ஊரிலிருந்து திரும்புவோம் என்பதே அது. மோட்டார் சைக்கிளை இரயிலில் பார்சலாக அனுப்ப வழியுண்டு.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகன் வண்டியோட்டும் வேளையில் தொலைபேசியில் அழைக்காதீர்கள். தங்குமிடம் சேர்ந்தபின் அவனே அழைக்கட்டும். அதற்கொரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். புறப்படும் நாளில் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர் தரும்போதே, “பாதி வழியில் திரும்பி வந்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சிதான்” என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். நண்பர்கள் நகைப்பார்களோ, பணம் வீணாயிற்றே என்று வீட்டார் கடிந்துகொள்வார்களோ என்ற அச்சத்தினாலேயே களைத்த பின்னும் வண்டியை நிறுத்தாத பிள்ளைகள் உண்டு. அந்த அச்சத்தை நீக்க உங்களால் மட்டுமே முடியும்.

வழித்துணையாம் அன்னை மரியாள் நம் பிள்ளைகளைக் காப்பாளாக.